கோலி பெயரில் எத்தனை ஜோடி விற்கும்?

2025 ஆகஸ்ட் 10 அன்று பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. அதன் முழுப்பெயர் 'பயோகான் ஹெப்பகோடி'. அந்த ஊரில் பெரிய வளாகம் வைத்திருக்கும் மருந்து நிறுவனத்தின் அறக்கட்டளை நிலையத்துக்காக 65 கோடி ரூபாய் கொடுத்தது. ஊர்ப்பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் பெயர் ஏறியது. ஒரு பெயரை இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ள எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கு எல்லாத் தொழிலிலும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் விழுந்தும் எழுந்தும் பழகிய தொழில் என்றால் அது விளையாட்டுக் காலணித் தொழில்தான்.

அதைப் பார்க்க ஹெப்பகோடி நல்ல இடம். வடக்கே நகருக்குள் போனால் பூமா இந்தியாவின் தலைமை அலுவலகம்; விராட் கோலி 2008 முதல் ஐபிஎல் ஆடிவரும் சின்னசாமி அரங்கம். தெற்கே போனால் பாட்டாவின் ஆலை அமைந்த ஓசூர். அதையும் தாண்டி, கிருஷ்ணகிரி வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் பர்கூர் சிப்காட். தைவானின் ஃபெங் டே குழுமம் அங்கே காலணி ஆலை நடத்துகிறது. அந்தக் குழுமத்தின் முதன்மை வாடிக்கையாளர் நைக்கி. பெயரை விலைபேசுகிறவர்கள், பெயருக்கு உரியவர், தைத்துக் கொடுக்கிறவர்கள் என மூன்று தரப்பும் இந்த ஒரு சாலையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து ஹெப்பகோடி கடைகளில் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து "ஒரிஜினலா, ஃபர்ஸ்ட் காப்பியா?" என்று கேட்கும் இளைஞர்கள் நான்காவது தரப்பு.

ஒரு நட்சத்திரத்தின் பெயர் உண்மையில் ஒரு நிறுவனத்தின் தலையெழுத்தை மாற்றுமா? மாற்றும் என்பவர்கள் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் மைக்கேல் ஜோர்டன்.

1984இல் நைக்கி தடுமாறிக்கொண்டிருந்தது. கூடைப்பந்தில் கான்வர்ஸ் கோலோச்சிய காலம். மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் இருவரும் கான்வர்ஸ் அணிந்தார்கள். கல்லூரியை முடிக்கும் முன்பே வந்த ஜோர்டனுக்கோ அடிடாஸ்மேல்தான் ஆசை. ஆண்டுக்கு 5 லட்சம் டாலர், ஐந்து ஆண்டுகள், அவர் பெயரிலேயே தனி வரிசை, விற்பனையில் பங்கு என்று நைக்கி ஒப்பந்தம் போட்டது. முதல் சில ஆண்டுகளில் 30 லட்சம் டாலருக்கு விற்றால் போதும் என்பது எதிர்பார்ப்பு. 1985இல் கடைக்கு வந்த ஏர் ஜோர்டன், முதல் ஆண்டிலேயே 12.6 கோடி டாலருக்கு விற்றது. இன்று அது தனி பிராண்ட். நைக்கியின் 2024 நிதியாண்டுக் கணக்கில் ஜோர்டன் பிராண்டின் விற்பனை ஏறத்தாழ 700 கோடி டாலர். அன்று கோலோச்சிய கான்வர்ஸ் 2001இல் திவாலாகி, 2003இல் நைக்கியின் கைக்கே போனது.

இத்தோடு கதையை நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் இடையில் நடந்தது அதைவிட முக்கியம். ஏர் ஜோர்டன் வந்து இரண்டே ஆண்டுகளில், 1986-87 வாக்கில், ரீபாக் அமெரிக்கச் சந்தையில் நைக்கியை முந்தியது. எந்த நட்சத்திரத்தை வைத்து? யாரையும் வைத்து அல்ல. ஏரோபிக்ஸ் செய்யும் பெண்களுக்கென்று 1982இல் மெல்லிய தோலில் செய்த 'ஃப்ரீஸ்டைல்' என்ற காலணி அதன் பெரிய பலம். பெண்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்காத காலத்தில் ரீபாக் கேட்டது, சந்தை திரும்பியது. ஜோர்டனே நைக்கியை விட்டுப் போகும் மனநிலையில் இருந்தார். அவரைத் தக்கவைத்தது 1988இல் வந்த ஏர் ஜோர்டன் 3. டிங்கர் ஹாட்ஃபீல்ட் என்ற வடிவமைப்பாளர் ஜோர்டனின் விருப்பங்களைக் கேட்டு வடிவமைத்த காலணி அது. ஆக, பெயர் காலணியைக் காப்பாற்றியதற்கு முன்னால், காலணி பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. விளம்பர ஒப்பந்தங்களைப் பற்றிய பேச்சில் இந்தப் பகுதி விடுபட்டுப் போவது வருத்தத்துக்குரியது. ஏனென்றால் பின்னால் வந்த தோல்விகள் பலவற்றுக்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது.

வீரரின் காலைக் காசாக்கும் வித்தை ஜோர்டனுக்கும் முந்தையது. ஜெர்மனியின் ஹெர்ட்சோகெனவ்ராக் என்ற சிற்றூரைச் சேர்ந்த அடால்ஃப் டாஸ்லர் 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்குத் தன் முள்காலணியைக் கொடுத்தார். பின்னர் சகோதரர் ருடால்ஃபுடன் பகையாகி, ஒரே ஊரில் அடிடாஸும் பூமாவும் எதிரெதிரே எழுந்தன. 1970 உலகக் கோப்பைக்கு முன், போட்டி போட்டு விலை ஏற்ற வேண்டாம் என்று பெலேவை இரு நிறுவனங்களும் தொடாமல் விடுவதாக ஒரு புரிதல் இருந்ததாகச் சொல்வார்கள். பூமா அதை மீறியது. ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் நடுவரிடம் அவகாசம் கேட்டுப் பெலே குனிந்து கயிற்றைக் கட்டினார். கேமரா அவர் காலுக்கு இறங்கியது. அங்கே இருந்தது பூமா. அந்தச் சில நொடிகளை உள்ளடக்கிய ஏற்பாட்டுக்குப் பெலேவுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் தொகை 1,20,000 டாலர்.

கதைகளை விட்டுக் கணக்குக்கு வந்தால் படம் அடக்கமானது. ஜக்தீஷ் அகர்வாலும் வாக்னர் கமகுராவும் 1995இல் வெளியிட்ட ஆய்வு பிரபலங்களின் 110 ஒப்பந்த அறிவிப்புகளை எடுத்துப் பார்த்தது. அறிவிப்பை ஒட்டிப் பங்கு விலையில் கிடைத்த கூடுதல் ஏற்றம் சராசரியாக 0.44 சதவீதம். ஆனிட்டா எல்பெர்ஸும் ஜெரோன் வெர்லூனும் 2012இல் விளையாட்டு வீரர்களை மட்டும் ஆராய்ந்தார்கள். விற்பனை சராசரியாக 4 சதவீதம் கூடுகிறது, பங்கு விலை 0.25 சதவீதம் ஏறுகிறது. வீரர் பெரிய வெற்றி பெறும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் இன்னொரு தூக்கல் கிடைக்கிறது, ஆனால் விற்பனையில் அந்தத் தூக்கல் ஒவ்வொரு வெற்றிக்கும் குறைந்துகொண்டே போகிறது. நான்கு சதவீதம் பெரிய நிறுவனத்துக்கு நல்ல பணம்தான். தலையெழுத்து மாறும் அளவு அது இல்லை.

இன்னும் நுணுக்கமான கணக்கு டைகர் வுட்ஸைப் பற்றியது. கெவின் சுங், திமோதி டெர்டெங்கர், கண்ணன் சீனிவாசன் மூவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, பத்தாண்டுகளில் வுட்ஸின் பெயரால் நைக்கியின் கோல்ஃப் பந்துப் பிரிவுக்குக் கூடுதலாகக் கிடைத்த லாபம் 10.3 கோடி டாலர்; புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் 45 லட்சம். 2009 இறுதியில் வுட்ஸின் சொந்த வாழ்க்கை அவமானத்தில் சிக்கியது. அவருடைய ஆதரவாளர் நிறுவனங்களின் சந்தை மதிப்பு அடுத்த சில வாரங்களில் 2 சதவீதம் அளவுக்குச் சரிந்ததாக கிறிஸ்டோபர் நிட்டலும் விக்டர் ஸ்டாங்கோவும் கணக்கிட்டார்கள். ஆனாலும் வுட்ஸைக் கைவிடாமல் இருந்தது நைக்கிக்கு லாபம்தான் என்பது முதல் ஆய்வின் முடிவு. நைக்கியும் வுட்ஸும் 27 ஆண்டுகள் சேர்ந்திருந்து 2024 ஜனவரியில்தான் பிரிந்தார்கள்.

தோற்ற கதைகளில் ஒன்றிரண்டு தனியாகச் சொல்ல வேண்டியவை. ஸ்டெஃபான் மார்பரி என்ற கூடைப்பந்து வீரர் 2006இல், ஏழைப் பிள்ளைகளும் வாங்கட்டும் என்று 15 டாலரில் 'ஸ்டார்பரி' காலணியைக் கொண்டுவந்தார். நோக்கம் உயர்ந்தது, கடைகளில் கூட்டம் அலைமோதியது. ஆனால் அதை விற்ற ஸ்டீவ் அண்ட் பாரிஸ் கடைத்தொடர் 2008இல் திவாலானது. காலணியும் அதோடு போயிற்று.

ஸ்டெஃபன் கரி கதை நீண்டது. 2013இல் நைக்கி அவரைத் தக்கவைக்க நடத்திய சந்திப்பில் அவர் பெயரையே தவறாக உச்சரித்தார்கள் என்றும், காட்டிய படத்தொகுப்பில் கெவின் டுராண்டின் பெயர் விடுபடாமல் கிடந்தது என்றும் கரியின் தந்தை பின்னர் சொன்னார். கரி, கூடைப்பந்தில் அப்போது பெரிய பெயர் இல்லாத அண்டர் ஆர்மருக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் கோப்பைகள் குவிந்தன. அண்டர் ஆர்மருக்குக் கரியின் மதிப்பு 1400 கோடி டாலராக இருக்கலாம் என்று 2016இல் மார்கன் ஸ்டான்லி ஆய்வாளர் ஒருவர் மதிப்பிட்டார். அதே ஆண்டு கோடையில் வந்த வெள்ளைக் காலணி ஒன்றை இணையமே சேர்ந்து கேலி செய்தது. ஆடுகளத்தில் அணியத் தக்கதாக இருந்தும் தெருவில் போட்டுக்கொண்டு நடக்க இளைஞர்கள் விரும்பாத காலணியாக அது நின்றுவிட்டது. கரி விளையாட்டில் எந்தக் குறையும் வைக்கவில்லை. நிறுவனம் பல ஆண்டுகள் தடுமாறி, 2025 நவம்பரில் இருவரும் பிரிவதாக அறிவித்தார்கள். ஆட்டக்காரரின் உச்சமும் நிறுவனத்தின் உச்சமும் ஒன்றாக வரும் என்று நம்பிய முதலீட்டாளர்களுக்கு இதைவிடக் கசப்பான பாடம் அரிது.

இந்தியா இந்தக் கணக்குக்குள் வந்தது தாமதமாக. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக ஆடிய இந்தியக் கால்பந்து அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். வெளிநாட்டு விளையாட்டுக் காலணிகள் இங்கே கடைவிரித்தது 1990களின் தாராளமயத்துக்குப் பிறகுதான். ரீபாக் முகமது அசாருதீனிலிருந்து ராகுல் திராவிட், எம்.எஸ். தோனி வரை அடுத்தடுத்த தலைமுறைக் கேப்டன்களைப் பிடித்து, 2000களில் இந்தச் சந்தையின் முன்வரிசையில் நின்றது. 2012இல் ரீபாக் இந்தியாவில் 870 கோடி ரூபாய் முறைகேடு நடந்ததாகத் அப்போதைய தாய் நிறுவனமான அடிடாஸ் போலீசில் புகார் கொடுத்தது. மூன்றில் ஒரு பங்கு கடைகளை மூடப்போவதாகவும் அறிவித்தது. இந்தியாவுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டனின் முகம் சுவரில் இருந்தும் அந்தச் சரிவைத் தடுக்க முடியவில்லை.

கிரிக்கெட்டில் காலணி நிறுவனங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கூடைப்பந்து ஆடுகளத்தில் போட்ட காலணியையே தெருவிலும் போட்டுக்கொண்டு நடக்கலாம்; முள் வைத்த கிரிக்கெட் காலணியைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது. தொலைக்காட்சியில் கிரிக்கெட் வீரரின் கால் நெருக்கமாகத் தெரிவது பெரும்பாலும் நோ-பால் பார்க்கும்போதுதான். கண் முதலில் போய் நிற்கும் இடம் மட்டை. அதைச் சென்னையின் டயர் நிறுவனமான எம்ஆர்எஃப் டெண்டுல்கர் காலத்திலேயே பிடித்துவிட்டது, பின்னர் கோலியின் மட்டையிலும் ஏறியது. எனவே இந்தியாவில் கிரிக்கெட் வீரரிடம் காலணி நிறுவனம் வாங்குவது அவர் ஆடும்போது போட்டிருக்கும் காலணியை அல்ல. உடற்பயிற்சிக் கூடத்தில், விமான நிலையத்தில், இன்ஸ்டாகிராமில் அவர் வாழும் வாழ்க்கையை.

பூமா இதைச் சரியாகப் படித்தது. 2017 பிப்ரவரியில் கோலியோடு எட்டு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 110 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது; ஒரே நிறுவனத்தோடு 100 கோடியைத் தாண்டி ஒப்பந்தம் போட்ட முதல் இந்திய வீரர் அவர் என்று அப்போது செய்திகள் எழுதின. அதே ஆண்டு அவருடைய சட்டை எண்ணான 18ஐக் குறிக்கும் 'ஒன்8' வரிசை வந்தது. பூமா இந்தியாவின் விற்பனை 2021இல் 2,044 கோடி ரூபாய், 2022இல் 2,980 கோடி. உலகச் சந்தையில் நைக்கிக்கும் அடிடாஸுக்கும் பின்னால் நிற்கும் நிறுவனம் இந்தியாவில் இருவரையும் முந்தியது.

கோலிதான் காரணமா? அவர் இல்லாமல் இவ்வளவு வேகம் வந்திருக்காது. அவர் மட்டும் போதுமானதாகவும் இல்லை. முடிவெடுப்பவர்கள் பெங்களூரில் இருந்தார்கள், மிந்த்ராவைப் போன்ற இணையக் கடைகளும் அதே ஊரில் வளர்ந்தன. இணைய விற்பனையில் பூமா முனைந்து இறங்கியது, போட்டியாளர்களைவிடக் குறைந்த விலையிலும் காலணி வைத்திருந்தது. மேரி கோம், சுனில் சேத்ரி, ஹர்மன்பிரீத் கவுர் என்று ஒப்பந்தங்களைப் பரப்பியது; நம் வாஷிங்டன் சுந்தரையும் 2021 தொடக்கத்தில் சேர்த்துக்கொண்டது.

இதற்கு நேரெதிரான உதாரணமும் பெங்களூரிலேயே இருக்கிறது. பிரான்சின் டெக்கத்லான் இந்தியாவில் தன் பெரிய கடைகளைத் தொடங்கியது இந்த நகரில்தான். நட்சத்திர முகம் ஏதும் இல்லாமல், பிள்ளைகள் கடைக்குள்ளேயே சைக்கிள் ஓட்டிப் பார்க்கலாம், பந்தை உதைத்துப் பார்க்கலாம் என்ற ஏற்பாட்டையும் விலையையும் மட்டுமே நம்பி, 2022-23இல் அது ஈட்டிய வருவாய் 3,955 கோடி ரூபாய். அதில் காலணி ஒரு பகுதிதான், ஆகவே பூமாவோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் கோலி இல்லாமல் இந்தியாவில் விளையாட்டுப் பொருள் விற்க முடியாது என்ற நம்பிக்கையை உடைக்க அது போதும்.

ஓட்டப் பந்தயக் காலணிகளின் நிலைமை வேறு. அங்கே நட்சத்திரம் காலணிக்குச் சாட்சி சொல்கிறார். 2019 அக்டோபர் 12 அன்று வியன்னாவில் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடியபோது, அவர் காலில் இருந்த நைக்கியின் கார்பன் தகட்டுக் காலணியும் அவரளவுக்குப் பேசப்பட்டது. அடுத்த ஜனவரியிலேயே உலகத் தடகள அமைப்பு அடிப்பாகத்தின் தடிமனுக்கு 40 மில்லிமீட்டர் என்று வரம்பு வைத்தது. 2023 செப்டம்பரில் பெர்லினில் டிகிஸ்ட் அசெஃபா பெண்கள் உலகச் சாதனையை 2:11:53க்குக் கொண்டுவந்தபோது போட்டிருந்த அடிடாஸ் காலணியின் எடை 138 கிராம், விலை 500 டாலர்.

ஆனால் காலணி தேவைப்படும் ஓட்டக்காரர்களுக்கு அது எப்போது கிடைக்கிறது? அசாமின் ஹிமா தாஸ் தொடக்க நாட்களில் தன் சாதாரணக் காலணியில் 'அடிடாஸ்' என்று தானே எழுதிக்கொண்டு ஓடியதாகச் சொல்லியிருக்கிறார். 2018இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 400 மீட்டர் தங்கம் வென்றார். பிறகு அடிடாஸ் அவர் பெயரைக் காலணியில் பொறித்துக் கொடுத்தது. 2021 மே மாதம் ஜிம்பாப்வே கிரிக்கெட் வீரர் ரையன் பர்ல், ஒவ்வொரு தொடருக்குப் பிறகும் காலணியைப் பசை போட்டு ஒட்ட வேண்டியிருக்கிறது, யாராவது ஆதரவாளர் கிடைப்பார்களா என்று படத்தோடு ட்விட்டரில் எழுதினார். மறுநாளே பூமா முன்வந்தது. இரண்டும் மனத்தைத் தொடும் கதைகள். இரண்டிலுமே உதவி வந்தது புகழ் வந்த பிறகு. ட்விட்டரில் பரவாத ஆயிரம் பிய்ந்த காலணிகள் தமிழ்நாட்டு மாவட்டத் தடகளப் போட்டிகளிலும் ஓடுகின்றன. அவற்றில் ஒரு பங்கையாவது மாற்றிக் கொடுக்க, ஒரு நட்சத்திர ஒப்பந்தத்தின் சிறு துளி போதும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. அமெரிக்க ஓட்ட வீராங்கனை அலிசன் ஃபீலிக்ஸ் தாயான பிறகு, ஒப்பந்தத் தொகையை 70 சதவீதம் குறைத்துத் தருவதாக நைக்கி சொன்னதை 2019 மே மாதம் பகிரங்கமாக எழுதினார். எதிர்ப்பு எழுந்து நைக்கி தன் விதிகளை மாற்றியது. ஃபீலிக்ஸ் அதற்குள் கிளம்பிவிட்டார். சொந்தமாக 'சேஷ்' என்ற நிறுவனம் தொடங்கி, டோக்கியோ ஒலிம்பிக்கில் அதன் காலணியோடு ஓடிப் பதக்கம் வென்றார்.

கூலி வாங்கும் முகமாக இருந்த வீரர், உரிமையாளராக மாறும் போக்கு இப்போது வலுத்திருக்கிறது. நைக்கியை விட்டு வந்த ரோஜர் ஃபெடரர் 2019இல் சுவிட்சர்லாந்தின் 'ஆன்' நிறுவனத்தில் முதலீடு செய்தார். 2021 செப்டம்பரில் அது நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது அவர் கையில் இருந்த சிறு பங்குக்கும் பெரும் மதிப்பு வந்தது. இந்தியாவில் கோலி அதே வழியில் போயிருக்கிறார். 2025இல் பூமா ஒப்பந்தம் முடிந்தது. எட்டு ஆண்டுக்கு 300 கோடி தர பூமா தயாராக இருந்தும் அவர் ஏற்கவில்லை என்று செய்திகள் வந்தன. அவர் போய்ச் சேர்ந்த இடம் பெங்களூரின் அஜிலிடாஸ். பூமா இந்தியாவை நடத்திய அபிஷேக் கங்குலி, சக அதிகாரிகள் இருவரோடு வெளியேறி 2023இல் தொடங்கிய நிறுவனம் அது. கோலி அதில் 40 கோடி முதலீடு செய்ய, ஒன்8 அஜிலிடாஸ் கைக்குப் போயிருக்கிறது.

அஜிலிடாஸ் செய்த முதல் பெரிய காரியம், பல வெளிநாட்டு பிராண்டுகளுக்குக் காலணி செய்துகொடுக்கும் மோச்சிகோ ஆலைகளை வாங்கியது. நட்சத்திரத்தின் பெயரும் தையல் எந்திரமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் வருவது நமக்குப் புதிது. இந்தியத் தரச் சான்று இல்லாத காலணியை இங்கே விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்ததிலிருந்து உள்நாட்டு உற்பத்தி எல்லா பிராண்டுகளுக்கும் அவசியமாகிவிட்டது. தமிழ்நாடு 2022இல் காலணிக்கும் தோல்பொருள்களுக்கும் தனிக் கொள்கை வகுத்தது. தைவானின் பௌ சென் குழுமம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் ஹாங் ஃபூ ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்திலும் வருகின்றன. செய்யாறிலும் பர்கூரிலும் ஏற்கெனவே உள்ள ஆலைகளில் பெரும்பான்மையோர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் இளம்பெண்கள். மேல்பாகத்தை வெட்டி, தைத்து, அச்சில் இழுத்து ஏற்றி, பசை தடவி அடிப்பாகத்தோடு அழுத்தி ஒட்டும்வரை ஒவ்வொரு ஜோடியும் அவர்களில் பல பேருடைய கைகளைக் கடந்து வருகிறது. காலணியின் நாக்குக்கு உள்ளே தைத்த சின்னச் சீட்டில் அளவும் நாட்டின் பெயரும் இருக்கும். அவர்களின் அடையாளம் எதுவும் இருக்காது. முகத்துக்கு விற்பனையில் பங்கு, உரிமையில் பங்கு என்று ஒப்பந்தம் வளர்ந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கைகளுக்கான கூலியில் வரவில்லை. நட்சத்திரங்கள் உரிமையாளர்களாகும்போது இந்தக் கேள்வியும் அவர்களிடமே கேட்கப்பட வேண்டும்.

கோலிக்கு முன்னால் தோனி இந்தப் பாதையில் நடந்து பார்த்தவர். 2016இல் அவர் சட்டை எண்ணை வைத்து வந்த 'செவன்' பிராண்ட், பூமாவோ அடிடாஸோ பிடித்த இடத்தின் அருகில்கூட வரவில்லை. தோனியின் புகழில் குறை இல்லை. கடைகளும் காலணி வரிசையும் அந்த அளவுக்கு இல்லை. அஜிலிடாஸிடம் ஆலை இருக்கிறது, விற்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கோலி 2024இல் டி20 சர்வதேசப் போட்டிகளிலிருந்தும் 2025 மே மாதம் டெஸ்டிலிருந்தும் விலகிவிட்டார். ஜோர்டன் கடைசியாக ஆடியது 2003இல். அவர் பெயரின் மிகப் பெரிய விற்பனை அதற்குப் பிறகு வந்தது. இந்தியக் கிரிக்கெட் வீரர் எவருடைய பெயரும் காலணியில் அப்படி நீடித்ததில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான காலணிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. ஒன்8 அந்தக் கோட்டுக்குக் கீழே நல்ல காலணி ஒன்றைக் கொண்டுவருமா, மேலே நின்று பூமாவோடு மோதுமா என்பதைப் பொறுத்துத்தான், பொம்மசந்திராவில் மாதச் சம்பளம் வாங்கும் ரசிகர் அதை வாங்குவதும் ஃபர்ஸ்ட் காப்பியோடு நிறுத்திக்கொள்வதும் முடிவாகும்.